ஒன்பது காரட் துரை

எங்கள் வீட்டில் அதற்குப் ‘பவுன் வாட்ச்’ என்றுதான் பெயர். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் கடிகாரம். சங்கிலி எந்தக் காலத்திலோ காணாமல் போய்விட்டது. என் கொள்ளுத் தாத்தா வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீ மேக்கராக இருந்தவர். காட்டு யானையிடம் மாட்டிக்கொண்ட வெள்ளைக்கார துரை ஒருவரை அவர் காப்பாற்றியதாகவும், அந்த நன்றிக்கு துரை தன் பையிலிருந்த தங்கக் கடிகாரத்தை அங்கேயே கழற்றிக் கொடுத்ததாகவும் கதை. அப்பா சொல்லும்போது அது ஒற்றைக் கொம்பன். பெரியப்பா சொன்னால் யானை இரண்டாகிவிடும். சொந்தத்தில் ஒரு சித்தப்பா, கடிகாரமே விக்டோரியா ராணி கொடுத்தனுப்பியது என்று கல்யாணப் பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. நல்ல சாப்பாடு.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம். தோட்டம் தம்பிக்கு, டவுனில் இருந்த சின்ன வீடு எனக்கு. கூடவே இந்த வாட்ச். “சும்மா கிடக்கிற பொருள்தானேக்கா, நீயே வச்சுக்க” என்றான் தம்பி. அவன் மனைவி மட்டும், “பவுன் இப்ப என்ன விலை விக்குது?” என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டு வைத்தாள். கேள்வி நியாயமானதுதான். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். வவுச்சர் இல்லாத எந்தக் கணக்கையும் அப்படியே ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இந்தக் கடிகாரத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு என்று தோன்றியது.

கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே பழைய வாட்ச் ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சாவிக் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர்கள் இப்போது ஊரில் குறைவு என்பதால் மற்ற கடைக்காரர்களே அவரிடம் அனுப்புகிறார்கள். அவர் கடிகாரத்தை வாங்கியதும் காதில்தான் வைத்தார். ஓடாத கடிகாரத்தில் என்ன கேட்டாரோ தெரியாது. அப்புறம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பின்மூடியின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினார். உள்ளே இன்னொரு மூடி இருந்தது. அதையும் திறந்தார். அதற்குள்தான் மெஷின்.

எங்கள் வீட்டில் யாருமே அந்த இரண்டாவது மூடி வரை போனதில்லை. போயிருந்தால் யானை அன்றைக்கே செத்திருக்கும்.

பழைய கடிகாரத்தின் பூர்வீகம் பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, கேஸ் என்கிற வெளிக்கூடும் உள்ளே ஓடும் மெஷினும் இரண்டு தனித்தனி சரக்கு என்பது. இன்று மொத்தமாக ஒரே கம்பெனி பெயரில் வாங்குகிறோம். அன்று மெஷின் ஒரு நாட்டில் தயாராகும். கேஸ் வேறு ஊரில் அடிப்பார்கள். கடைக்காரன் இரண்டையும் சேர்த்து விற்பான். ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாக ஜாதகம் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது தங்கக் கேஸை உருக்கிவிட்டு வேறொன்றை மாட்டியிருக்கலாம் இல்லையா.

எங்கள் மெஷினில் அமெரிக்கக் கம்பெனியான வால்தம் பெயரும் எட்டு இலக்க எண் ஒன்றும் இருந்தன. வால்தம் கம்பெனி கடிகாரங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வரிசையாக எண் போட்டு வந்தது. எந்த எண் ஏறக்குறைய எந்த வருடம் என்கிற அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. எங்களுடையது இரண்டு கோடியே அறுபது லட்சத்துக்குச் சற்று மேல். அப்படியென்றால் 1920-களின் பின்பாதி. விக்டோரியா ராணி 1901-லேயே காலமாகிவிட்டார். முதல் ஆள் அவுட்.

கேஸில் இருந்த முத்திரைகள்தான் எனக்கு மிகவும் பிடித்துப்போனவை. பின்மூடியின் உட்புறம் எறும்பு அளவுக்கு வரிசையாகக் குத்தியிருந்தார்கள். ஏ.எல்.டி. என்று மூன்று எழுத்து. ஒரு 9. பக்கத்தில் .375. ஒரு நங்கூரம். கடைசியாக ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து, பெரிய எழுத்தாக. கீழே கேஸின் எண். அதே எண்ணும் முத்திரைகளும் உள்மூடியிலும் இருந்ததால் மூடிகள் மாறவில்லை என்பது உறுதி.

நங்கூரம் என்றால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். கடல் எங்கேயோ இருக்க, நாட்டின் நடுவில் கிடக்கும் ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது? மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபர், தங்கள் ஊருக்கே தர முத்திரை அலுவலகம் வேண்டும் என்று லண்டனில் போய் மன்றாடி 1773-ல் சட்டம் வாங்கி வந்தார். ஷெஃபீல்டுக்காரர்களும் அதே சமயம் அதே கோரிக்கையோடு வந்திருந்தார்கள். எல்லோரும் கூடிப் பேசியது ‘கிரவுன் அண்ட் ஆங்கர்’ என்ற விடுதியில். அதனால் ஒரு ஊர் கிரீடத்தையும் இன்னொரு ஊர் நங்கூரத்தையும் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இது அவர்கள் ஊர் யானைக் கதையாக இருக்கலாம். ஆனால் முத்திரை நிஜம். 250 வருடமாக அதே நங்கூரத்தைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி எழுத்து வருடத்தைக் குறிப்பது. பர்மிங்ஹாமில் 1925-ல் முதல் எழுத்திலிருந்து புதிய சுற்று தொடங்கியது. ஐந்தாவது எழுத்து 1929. அங்கே எழுத்து மாறுவது ஜூலையில். ஆக, இந்தக் கேஸ் முத்திரைக்குப் போனது 1929 ஜூலைக்கும் 1930 ஜூன் மாதத்துக்கும் இடையில். நம் ஊரில் நகைக்கு ஹால்மார்க் முத்திரை வந்ததே 2000-ல்தான். ஆறெழுத்து அடையாள எண் 2021-ல் வந்தது. அவற்றையெல்லாம் பற்றி நகைக்கடையில் நின்று வாதாடியிருக்கிறேன். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய சரக்கு இவ்வளவு ஒழுங்காகத் தன் பிறந்த தேதியைச் சொன்னபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஏ.எல்.டி. என்பது ஆரன் லஃப்கின் டென்னிசன். இவர் கதை தனியாக எழுத வேண்டியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1812-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். ராணுவத் துப்பாக்கித் தொழிற்சாலையில் உதிரி பாகங்களை ஒரே அளவாக இயந்திரத்தில் செய்து, எதை எதோடும் பொருத்துவதைப் பார்த்துவிட்டு, கடிகாரத்தையும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டவர். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் பின்னாளில் வால்தம் ஆன கம்பெனி. 1860-களின் தொடக்கத்தில் அங்கிருந்து அவரையே வெளியேற்றிவிட்டார்கள். பல வருடங்கள் அலைந்து பர்மிங்ஹாமில் போய் உட்கார்ந்து கேஸ் அடிக்கும் தொழிலை ஆரம்பித்தார். வால்தம் மெஷின்கள் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியபோது, அவற்றுக்குக் கேஸ் செய்து கொடுத்ததும் இவர் கம்பெனிதான். 1895-ல் அவர் இறந்த பிறகும் அவருடைய முதலெழுத்துகளையே குத்திக்கொண்டிருந்தார்கள். துரத்தப்பட்டவன் பெயர் வெளிமூடியில், துரத்திய கம்பெனியின் பெயர் உள்ளே மெஷினில். எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினைகள் எதிலும் இவ்வளவு நேர்த்தியாகக் கணக்குத் தீர்ந்ததில்லை.

இப்போது அந்த 9-க்கு வருவோம்.

ரிப்பேர் கடைக்காரர் லென்ஸை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. “ஒன்பது காரட்டுங்க. நம்மாளுக இதைத் தங்கம்னே சொல்ல மாட்டாங்க.” ராஜ வீதியில் தெரிந்த நகைக்கடை ஒன்றில் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 37.6 சதவீதம் என்று காட்டியது. மீதி செம்பும் வெள்ளியும். லேசான சிவப்பு அதனால்தான். “பழைய தங்கம் அப்படித்தான் சிவந்திருக்கும்” என்று ஆத்தா, அப்பாவின் அம்மா, பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. மெஷினையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு கேஸை மட்டும் நிறுத்தால் 34 கிராம். அதில் சுத்தத் தங்கம் பன்னிரண்டே முக்கால் கிராம். நம் 22 காரட் கணக்கில் மாற்றிப் பார்த்தால் சுமார் ஒன்றே முக்கால் பவுன். தம்பி மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

இங்கிலாந்தில் 9 காரட் ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. 1854-லேயே சட்டம் போட்டு 9, 12, 15 காரட்டுகளை அனுமதித்தார்கள். உறுதியாக இருக்கும், எளிதில் கீறல் விழாது, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். ஏழைக் குமாஸ்தா மகனுக்கும் தங்கக் கடிகாரம் வாங்கித் தரலாம். அங்கே தங்கம் போட்டுக்கொள்ள. இங்கே தங்கம் போட்டும் கொள்ளலாம், தேவைப்பட்டால் அடகு வைக்கவும் செய்யலாம் என்பதற்காக. வைப்பதற்கு 9 காரட் உதவாது. இந்த வித்தியாசம் புரியாமல் இந்தக் கடிகாரத்தின் கதையில் மிச்சம் எதுவும் புரியாது.

உள்மூடியின் மேல் சாய்வெழுத்தில் ஒரு வாசகம் வெட்டியிருந்தது. மூன்று முதலெழுத்துகள். அதன் கீழே, இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அம்மாவும் அப்பாவும் அன்புடன் என்று. வருடம் 1930. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் 21 வயது ஆனால்தான் சட்டப்படி மேஜர். அதை 18 ஆக்கியதே 1970-ல்தான். பையன் மேஜரானதும் பெற்றோர் ஒரு தங்கக் கடிகாரம் வாங்கித் தருவது அங்கே வழக்கம். ஆக, இது யாரோ ஒரு பையனுக்கு அவன் வீட்டில் கொடுத்தது. அப்படிப்பட்ட பொருளை யானை துரத்தியதற்காக ஒருவன் கழற்றிக் கொடுப்பானா? கொடுக்கலாம். ஆனால் கொடுத்தவன் கூட ஒரு வரி வெட்டிக் கொடுத்திருப்பான். எஸ்டேட்டுகளில் நினைவுப் பரிசு என்று கொடுத்த கடிகாரங்களில் வாங்குபவர் பெயர், கொடுப்பவர் பெயர், காரணம் எல்லாம் பத்திரம் போல எழுதியிருக்கும். இதில் எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை.

பொள்ளாச்சி அத்தையைப் பார்க்கப் போனேன். கொள்ளுத் தாத்தாவின் கடைசி மகள். அப்பாவுக்கு அத்தை, அதே பழக்கத்தில் எங்களுக்கும் அத்தை, என் பிள்ளைகளுக்கும் அத்தை. வயது தொண்ணூற்றொன்று. காது மந்தம், ஞாபகம் கத்தி. நான் யானைக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“எங்கய்யன் ஆனைகிட்ட இருந்து யாரைக் காப்பாத்துச்சு? ஆனை வர்ற சத்தம் கேட்டா முதல்ல கட்டிலுக்கடியில போறதே எங்கய்யன்தான் கண்ணு.”

பிறகு சொன்னார். எஸ்டேட்டில் பெரிய துரைக்குக் கீழே சின்ன துரைகள் என்று இளவட்டங்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் நாய்க்கார துரை. நாய்களுக்கு மாட்டுக்கறி வாங்கிப் போட்டே சம்பளத்தில் பாதி போய்விடுமாம். மீதி கிளப்பில். மாசக் கடைசியில் கையில் காசு இருக்காது. பெரிய துரையிடம் கேட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். எஸ்டேட்டில் வட்டிக்குக் கொடுக்கிற ஆள் யார் என்று விசாரித்திருக்கிறார். எல்லா விரலும் எங்கள் கொள்ளுத் தாத்தாவைக் காட்டியிருக்கின்றன.

இது எனக்குப் புதிய செய்தி. டீ மேக்கர் என்றுதான் தெரியும். கொழுந்தை மேல்தட்டில் பரப்பி இரவெல்லாம் வாட விட்டு, ரோலரில் உருட்டி, ஈரத்துணி கட்டிய அறையில் புளிக்க வைத்து, செம்பு நிறம் வந்த நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்புகிறவர். கால் மணி நேரம் பிசகினால் அந்த நாள் இலை முழுக்க வீண். மூக்கும் கண்ணும்தான் முதல் என்றாலும், நேரம் பார்க்காமல் நடக்காத வேலை. அதனால் அவர் கையில் கடிகாரம் இருந்ததில் ஆச்சரியமில்லை. வட்டித் தொழிலைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் மூச்சு விட்டதில்லை.

அந்த வட்டிப் பணத்துக்கும் ஒரு பூர்வீகம் இருந்தது. கொள்ளுப்பாட்டியிடம் கெட்டிக் காப்பு ஒரு ஜோடி இருந்ததாம். “தங்கம் ஏறிப்போச்சு, இப்ப வித்தாத்தான் உண்டுன்னு ஊரே வித்துச்சாம். எங்கய்யனும் வித்துருச்சு.” எப்போது என்று அத்தைக்குச் சொல்லத் தெரியவில்லை, அவர் பிறப்பதற்கு முன்பு. எனக்குத் தெரிந்தது. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்க அடிப்படையை, அதாவது பவுண்டுக்குத் தங்கத்தில் நிலையான மதிப்பு வைத்திருந்த ஏற்பாட்டை, கைவிட்டது. பவுண்டு சரிந்தது. ரூபாயைப் பவுண்டோடு கட்டி வைத்திருந்ததால் இங்கே தங்கம் விலை விறுவிறுவென்று ஏறியது. விளைபொருளுக்கு விலையில்லாமல் வரி கட்டவும் கடன் அடைக்கவும் வழி தெரியாமல் இருந்த குடும்பங்கள் பெட்டியைத் திறந்தன. அடுத்த சில வருடங்கள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தங்கம் லண்டனுக்குப் போனது. தேயிலைக்கும் அதே காலத்தில்தான் விலை விழுந்தது; 1933-ல் தேயிலை விளையும் முக்கிய நாடுகள் ஒப்பந்தம் போட்டு ஏற்றுமதியைக் குறைக்க வேண்டி வந்தது. அந்த ஓட்டத்தில் கொள்ளுப்பாட்டியின் காப்பும் போயிருக்கிறது. வந்த ரொக்கத்தை எஸ்டேட்டில் வட்டிக்கு விட்டிருக்கிறார் பெரியவர்.

நாய்க்கார துரை 1939-ல் அறுபது ரூபாய் வாங்கினார். சண்டை ஆரம்பித்த வருடம் என்பதால் அத்தையின் அம்மாவுக்கு வருடம் மறக்கவில்லை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அடகு, இந்தக் கடிகாரம். அன்று பத்து கிராம் தங்கம் முப்பது ரூபாயைத் தாண்டியிருந்தது. 34 கிராம் கேஸ் 22 காரட்டாக இருந்தால் கிட்டத்தட்ட நூறு ரூபாய் பெறும். அதற்கு அறுபது கொடுப்பது நிதானமான கணக்கு. இன்று வங்கிகூட முழு மதிப்பையும் கடனாகத் தருவதில்லை. ஆனால் உள்ளே இருந்த தங்கம் நாற்பது ரூபாய்க்குத்தான். வெள்ளைக்கார துரை கையில் இருப்பது சொக்கத் தங்கமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார் பெரியவர். துரையும் ஏமாற்றியிருக்க மாட்டார். அவர் ஊரில் அது தங்கம்தான், அரசாங்க முத்திரையோடு.

அடுத்த வருடம் துரை பட்டாளத்துக்குப் போய்விட்டார். வந்து மீட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவே இல்லை. அடகு மூழ்கிவிட்டது.

“எங்கய்யன் அதை விக்கவே இல்ல. அடுத்தவன் பொருளு, என்னைக்காச்சும் வருவான்னு வச்சிருந்துச்சு” என்றார் அத்தை, கண் கலங்க. அதைக் கேட்டு நானும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன். ஆனால் ரிப்பேர் கடைக்காரர் எனக்கு வேறொன்றையும் காட்டியிருந்தார். சாவிக் குமிழைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, சங்கிலி மாட்டுவது, அதன் உள்வளைவில் மூன்று இடத்தில் லேசாகத் தட்டையாக இருந்தது. தேய்மானம் அப்படி விழாது. “உரைகல்லுல உரசிப் பாத்திருக்காங்க. வெளிய தெரியாத எடமாப் பாத்து உரசுவாங்க” என்றார். மூன்று உரசல் என்றால் மூன்று தடவை யாரோ விற்கவோ வைக்கவோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். அதில் ஒன்றாவது பெரியவர் காலத்தது என்று நான் நினைக்கிறேன். துரைக்காகக் காத்திருந்தார் என்பதும் உண்மையாக இருக்கலாம், ஆசாரியிடம் காட்டிவிட்டுக் காத்திருந்திருப்பார். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது உரசலுக்கு அத்தையே சாட்சி. ஐம்பதுகளில் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, உடுமலைப் பக்கம் தோட்டம் வாங்கிக் கிணறு வெட்டினார். பாறை வந்துவிட்டது. வெடி வைக்கப் பணமில்லை. வாட்சை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி சேட்டு கடைக்குப் போனவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பினாராம். என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஆத்தாவின் அட்டிகை போனது. அட்டிகை திரும்பவில்லை. கிணற்றில் தண்ணீர் மட்டும் வந்தது. 1962-ல் சீனச் சண்டைக்குப் பாதுகாப்பு நிதி வசூலித்தபோது ஆத்தா ஒரு ஜோடித் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது போனதில் மட்டும் அவருக்கு வருத்தமே இல்லை. அந்தக் கதையை நூறு முறை சொல்லியிருக்கிறார். மூன்றாவது உரசல் அப்பாவுடையதாக இருக்க வேண்டும். என் தம்பி காலேஜில் சேர்ந்த வருடம் அம்மாவின் வளையல்கள் எங்கே போயின என்பது எனக்குத் தெரியும். வாட்ச் ஏன் போகவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அப்பாவுக்கு 9 காரட் என்பது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஒற்றைக் கொம்பனை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடையில் ஒரு வேடிக்கை. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள். மக்கள் தங்க மோகத்தை விடுவார்கள், கடத்தல் நிற்கும் என்று கணக்கு. மோகம் போகவில்லை, ஆசாரிகள் குடும்பம்தான் தெருவுக்கு வந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அரசாங்கம் விரும்பிய தரத்துக்கு உட்பட்ட ஒரே தங்கப் பொருள் இந்தக் கடிகாரமாகத்தான் இருந்திருக்கும். தங்கக் கட்டுப்பாட்டை 1968-ல் சட்டமாகவே ஆக்கி, 1990-ல்தான் எடுத்தார்கள்.

காப்பு, அட்டிகை, தோடு, வளையல். நல்ல தங்கம் எல்லாம் போய்விட்டது, நல்ல தங்கமாக இருந்ததால். எவனும் எடுத்துக்கொள்ளாத மட்டத் தங்கம் நான்கு தலைமுறை தாண்டி என் மேசையில் இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் காப்பு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு போட்டோகூட இல்லை. நாய்க்கார துரையின் அம்மா அப்பா எந்த வருடம் என்ன பரிசு கொடுத்தார்கள் என்பது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். இது நியாயமாக எனக்குப் படவில்லை.

துரையின் மூன்று முதலெழுத்துகளை இங்கே எழுதாமல் விடுகிறேன். கடன்காரர் பெயரைத் தட்டியில் எழுதி வைக்கிற குடும்பம் இல்லை நாங்கள். அவருக்கும் பேரன் பேத்திகள் இருக்கலாம்.

வாட்ச் இப்போது ஓடுகிறது. மெஷினில் ஸ்டீல் பாகங்களில் துரு இருந்தது. வால்பாறை மழையில் பல வருடம் கிடந்ததற்கு அது ஒன்றுதான் நேரடிச் சாட்சி. மெயின் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருந்தது. பின்மூடியின் உள்ளே பழைய ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறிவிட்டுப் போன தேதிகளுக்குப் பக்கத்தில் கடைக்காரர் தன்னுடையதையும் கீறினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து நிமிடம் பின்தங்குகிறது. “வயசுக்கு இது போதும்” என்கிறார்.

ஓட ஆரம்பித்ததும் அத்தையிடம் கொண்டு போய்க் காட்டினேன். காதில் வைத்துப் பார்த்தார், அவருக்குக் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்த அறுபது ரூவாய்க்கு இன்னைக்குத் தேதிக்கு வட்டி என்னாகும், போடு பாப்போம்” என்றார். வட்டிக்காரர் மகள். போனில் கணக்குப் போட்டேன். மாதம் அறுபது பைசா, வருடம் ஏழு ரூபாய் இருபது பைசா, 86 வருடம். அசலோடு சேர்த்து 679 ரூபாய் சொச்சம்.

“அவ்வளவுதானா?” அத்தைக்கு முகமே சுருங்கிவிட்டது. “வட்டிக்கு வட்டி போடு.”

வருடம் பன்னிரண்டு சதவீதம் கூட்டு வட்டியில் போட்டேன். பத்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் வந்தது. எண்ணை உரக்கப் படித்தேன், இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“பாத்தியா” என்றார். வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். “இந்த ஒன்றே முக்கால் பவுனைக் கழிச்சுட்டு மிச்சம் எவ்வளவுன்னு எழுதி வை. அவன் ஊட்டுல ஆராச்சும் வந்தா கேக்கோணும்.”